சுகைல் நட்சத்திரம் வந்தாச்சு, ஆனா தக்காளிக் கண்டை இன்னும் வெளியில வைக்காதை

நேத்து இரவு பத்து மணிக்கு ஷார்ஜாவில இருந்து தங்கச்சி வீடியோ கோல். முகத்தைக் காணேல்ல, போனை நேரா ஒரு சாடிக்குள்ள பிடிச்சுக் காட்டுறாள். ஆறு தக்காளிக் கண்டு, சாணளவு கூட இல்லை, இலையெல்லாம் சுருண்டு ஓரம் கருகி தேத்தண்ணிச் சாயம் மாதிரி கிடக்கு.

"அக்கா, செப்டெம்பர் வந்தா நடலாம் எண்டுதானே சொன்னனீங்கள்?"

நான் அப்பிடிச் சொல்லேல்ல. செப்டெம்பரில விதை போடு எண்டுதான் சொன்னனான், அதுவும் தட்டில போட்டு வீட்டுக்குள்ள வெளிச்சமான ஜன்னலடியில. இவள் என்னடா எண்டா கண்டு வாங்கி மேற்குப் பக்கத்துப் பல்கனியில, பின்னேர வெயில் நேரா அடிக்கிற இடத்தில, கறுப்புப் பிளாஸ்டிக் சாடியில வைச்சிருக்கிறாள். கறுப்புச் சாடி வெயிலில நிண்டா உள்ள இருக்கிற வேர் அவிஞ்சுபோகும், கண்டு எங்க பிழைக்கிறது.

வெள்ளவத்தைக்குத் திரும்பி வர முதல் நானும் ஒன்பது வருசம் அங்க இருந்தனான். முதல் ரெண்டு வருசமும் நான் கொன்ற கண்டுகளுக்குக் கணக்கில்லை. எங்கட ஊரில அம்மம்மா ஆடிப்பட்டம் தேடி விதை எண்டு சொல்லுவா, அது மழையைப் பார்த்துச் சொன்ன கணக்கு. அங்க பார்க்கிறதுக்கு மழையே இல்லை. துபாய்ப் பக்கம் வருசம் முழுக்கப் பெய்யிறதே 100 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தான், கொழும்பில ஒக்டோபர் மாசம் மட்டும் அதைப்போல மூண்டு மடங்கு கொட்டும். அதால அங்க நாங்கள் காத்திருக்க வேண்டியது குளிர்ச்சிக்கு, அதுவும் இரவுக் குளிர்ச்சிக்கு. பகல் 38 அடிச்சாலும் பரவாயில்லை, விடியப்பறம் 5 மணிக்கு என்ன சூடு எண்டதுதான் விசயம். இரவு 24 பாகைக்கு மேல நிண்டா தக்காளிப்பூ பூத்திட்டு அப்பிடியே உதிரும், காய் பிடிக்காது. செப்டெம்பரில அங்க இரவிலயே 27, 28 நிக்கும். பேந்து என்னத்துக்கு அவசரம்?

அந்த ஊர்க்காரர் பழைய நாளில சுகைல் எண்ட நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் சூடு இறங்கிறதைக் கணக்குப் பார்க்கிறவையாம். ஆகஸ்ட் 24 மட்டில விடிய முதல் தெற்குப் பக்கம் அடிவானத்தில தெரியத் தொடங்கும். அது வேற ஒண்டும் இல்லை, எங்கட அகத்தியர் நட்சத்திரம்தான்! இது தெரிஞ்ச நாள் எனக்குச் சரியான புழுகம். ஆனா சுகைல் வந்த அண்டைக்கே சூடு போயிடாது, இனிப் போகும் எண்டதுக்கு அது ஒரு அறிவிப்பு மட்டும்தான்.

எண்டு போட்டு செப்டெம்பரில சும்மா இருக்கவும் ஏலாது. மண் வேலை முழுக்க இந்த மாசம்தான். அங்கத்தைய மண் வெறும் மணல், கார மண், ஊத்திற தண்ணி அப்பிடியே கீழ ஓடிப்போகும், இல்லாட்டி நல்லாக் காய்ஞ்சு போனா உள்ளயே இறங்காமல் மேலால உருண்டோடும். கடையில "சுவீட் சொயில்" எண்டு விப்பினம், இனிப்பு மண் எண்டு நாங்கள் சிரிக்கிறனாங்கள், உப்புக் குறைஞ்ச மணல் எண்டதுதான் அதின்ர அர்த்தம், அதில சத்து ஒண்டும் இல்லை. நான் அதோட மக்கின மாட்டெருவும் தும்புத்தூளும் கலக்கிறனான். தும்புத்தூள் கட்டி ஒண்டு வாங்கித் திருப்பிப் பார்த்தா ஸ்ரீலங்கா எண்டு அச்சடிச்சுக் கிடந்துது, எனக்குக் கண் கலங்கிப்போச்சு. 5 கிலோ கட்டி தண்ணியில ஊறினா 70 லீற்றர் மட்டில வரும். ஒண்டு மறக்கக்கூடாது, தும்பிலயும் உப்பு இருக்கும், ரெண்டு மூண்டு தரம் கழுவிப்போட்டுத்தான் கலக்கோணும். பழைய சாடியளில மேல வெள்ளையாப் படிஞ்சிருக்கிறதும் உப்புத்தான். கீழால தண்ணி நல்லா ஓடுமட்டும் ஊத்தி ஊத்தி அதைக் கழுவி விடோணும்.

தண்ணி எண்டதும் என்ர பெரிய கேவலம் ஞாபகம் வருது. முதல் வருசம் மத்தியானம் மிளகாய்க் கண்டு வாடிக் கிடக்குது எண்டு பாவப்பட்டு ஹோஸ் பைப்பைத் திறந்து பிடிச்சன், காலில ஒரு சொட்டுத் தெறிச்சாப்பிறகுதான் தெரிஞ்சுது, பைப்புக்குள்ள நிண்டது கொதிதண்ணி. பன்னிரண்டு கண்டையும் நானே அவிச்சுப்போட்டன். பேந்து பக்கத்து வீட்டு மலையாள அக்கா ஒரு வழி சொல்லித் தந்தா: குளியலறை ஹீட்டரை நிப்பாட்டிவிட்டா அந்தத் தாங்கி வீட்டுக்குள்ள ஏசியில குளிர்ந்து நிக்கும், கூரைக்கு மேல இருக்கிற தாங்கியிலதான் வெயில் அடிக்கும், அதால சுடுதண்ணிப் பைப்பில குளிர்தண்ணி வரும், பச்சைத்தண்ணிப் பைப்பில சுடுதண்ணி வரும். விடியக்காலமை அதைப் பிடிச்சு ஊத்திறதுதான்.

தங்கச்சியின்ர கறிவேப்பிலையும் ஒரு கதை. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்துக் காணாது எண்டு இவளும் ஏதோ இரும்புப் பசளை போட்டிருக்கிறாள், பலனில்லை. கார மண்ணில சாதாரண இரும்பு வேருக்கு எட்டாமல் இறுகிப்போகும், இ.டி.டி.எச்.ஏ. எண்டு போட்டிருக்கிற வகைதான் வேலை செய்யும், செம்மண் நிறத்தூள். கருகின கொப்பையும் இப்ப வெட்டாதை எண்டு சொன்னன், அதுதான் உள்ளுக்க இருக்கிற கொப்புக்கு நிழல்.

மற்றதெல்லாம் சுருக்கமாச் சொன்னனான். வெண்டியும் பயித்தையும் இப்பவே நேராப் போடலாம், அதுகளுக்குச் சூடு பிடிக்கும். போஞ்சி மாதக் கடைசியில. கரட், முள்ளங்கி, பீற்றூட், கோவா ஒக்டோபருக்குப் பிறகு. கொத்தமல்லியை இப்ப போட்டா இலை தராமல் பூவுக்குப் போயிடும், சலாது (லெற்றூஸ்) விதை மண் 30 பாகையைத் தாண்டினா முளைக்கிறது அருமை.

இவ்வளவும் கதைச்சு முடிய இங்க பல்கனிக்கு வெளியில மழை. என்ர தக்காளிக்கு இன்னும் ரெண்டு மாசத்தில பூஞ்சணம் வரும், அது எனக்கு வடிவாத் தெரியும், எண்டாலும் நாலு விதை போட்டிருக்கிறன்.

இண்டைக்கு விடியக்காலமை அவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள், பல்கனிக் கம்பியில கட்டின வெப்பமானி, 29. கீழ ஒரே ஒரு கேள்விக்குறி.

பொறு எண்டு போட்டன். நீலக் கோடு விழுந்திட்டுது, பதில் இல்லை.