பல்லு விழுந்தா எவ்வளவு குடுக்கிற?

ஆறு ஏழு வயசுப் பிள்ளை இருக்கிற வீடுகள்ல இப்ப புதுசா ஒரு கதை வந்திருக்கு, பல்லுக் காசு. எங்கட சின்ன வயசுல இப்படி ஒண்டு இருந்ததே இல்ல. பல்லு விழுந்தா அணிலுக்குக் குடுத்தம், மறுகா புதுப் பல்லு முளைச்சிச்சு, அவ்வளவுதான். இப்ப பிள்ளைகள் யூடியூப்ல கார்ட்டூன் பாக்குதுகள், அதுல வாற பிள்ளை விழுந்த பல்லத் தலகணிக்குக் கீழ வைச்சிட்டுப் படுக்குது, ராவைக்கு டூத் ஃபெயரி எண்ட பல்லுத் தேவதை வந்து பல்ல எடுத்திட்டுக் காசு வைச்சிட்டுப் போகுது, விடியச் சாமம் எழும்பிப் பாத்தா காசு. இதப் பாத்த பிள்ளை சும்மா இருக்குமா? என்ட மகள்ட கீழ் முன்பல்லு ஆடத் தொடங்கின நேரமே கேள்வியும் தொடங்கிட்டு, "அம்மா, எனக்கு எவ்வளவு வரும்?"

அதுக்கு மேல என்ட தங்கச்சி டொரன்டோவில இருக்கிறா, அவட மகளுக்கும் இவளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. வாட்ஸ்அப் வீடியோவில ரெண்டு பேரும் வாயத் திறந்து திறந்து காட்டிக் கதைப்பாங்க. அந்தப் பிள்ளை தனக்கு ஒரு பல்லுக்கு அஞ்சு டொலர் வந்ததெண்டு காட்டினவுடன இஞ்ச இவ என்னக் கிறுகிப் பாத்த பார்வை இருக்கே. கனேடிய டொலர் ஒண்டு இலங்கைக் காசுல 200 ரூவாய்க்கு மேல, அப்ப அஞ்சு டொலர் எண்டா ஆயிரத்துக்கு மேல, ஒரு பால்பல்லுக்கு ஆயிரம் ரூவா குடுக்கிற வீடு எங்கட ஒழுங்கையில எத்தின இருக்கு? காசு இருக்கிற வீடெண்டாலும் குடுக்கலாமா எண்டதுதான் என்ட கேள்வி, அதத்தான் இதுல எழுத வந்தன்.

முதல்ல இந்த டூத் ஃபெயரி எங்கயிருந்து வந்தா எண்டு தேடிப் பாத்தன். ஏதோ ஆயிரம் வருசப் பழைய வழக்கமா இருக்குமெண்டு நினைக்கிற ஆக்கள் இருக்காங்க, அச்சில கிடைச்ச பழைய குறிப்பு 1908ல சிகாகோ பேப்பர் ஒண்டுல வந்தது, வீட்டுக் குறிப்புகள் பகுதியில. பல்லு ஆடுது, புடுங்க விடமாட்டன் எண்டு அடம்பிடிக்கிற பிள்ளையிட்ட இப்படி ஒரு தேவதை வருவா எண்டு சொன்னா வாயத் திறக்கும், அதுக்காகத் தாய்மார் அஞ்சு சதக் கடையில சின்னச் சின்னச் சாமான் வாங்கி வைச்சுக்கொள்ளுங்க எண்டுதான் அதுல இருக்கு. கவனிச்சுப் பாருங்க, காசு எண்டு அதுல இல்ல. சின்னச் சாமான், அதுவும் அஞ்சு சதத்துக்கு. பிள்ளைட பயத்தப் போக்கிறதுக்கு ஒரு தாய் செய்யிற வேலை, அதுல எனக்கு ஒரு குறையும் தெரியல்ல, நல்ல வேலைதான்.

காசாகினது மறுகாதான். அமெரிக்காவில டெல்டா டென்டல் எண்ட பல் காப்புறுதிக் கம்பனி 1998ல இருந்து ஒவ்வொரு வருசமும் பெத்தவங்களிட்ட கேட்டுக் கணக்கெடுத்து வாறாங்க. முதல் வருசம் ஒரு பல்லுக்குச் சராசரி 1.30 டொலர். 2023ல 6.23 டொலருக்கு ஏறிட்டு, அதுதான் உச்சம், மறுகா 2024ல 5.84, 2025ல 5.01 எண்டு இறங்கியிருக்கு. அஞ்சு அமெரிக்க டொலர் எங்கட காசுல கிட்டத்தட்ட 1500 ரூவா. பால்பல்லு மொத்தம் 20. அப்ப ஒரு பிள்ளைக்கு 30,000 ரூவா. எனக்கு மூண்டு பிள்ளைகள், கணக்க நீங்களே பாருங்க. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில வயல் வேலைக்குப் போற ஒரு தாய்க்கு இது எவ்வளவு பெரிய காசு, அவட பிள்ளையும் இதே கார்ட்டூனத்தான் போன்ல பாக்குது, அந்தப் பிள்ளையும் ராவைக்கு ஒரு பல்லத் தலகணிக்குக் கீழ வைச்சிட்டு விடிய எழும்பிப் பாக்கும். எனக்கு நெஞ்சில குத்துறது அதுதான்.

எங்கட வழக்கம் என்னெண்டா, மட்டக்களப்புப் பக்கம் வளந்த ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல, ஆனா இப்பத்தப் பிள்ளைகளுக்குச் சொல்லணும். பல்லு விழுந்தா அதக் கழுவி உள்ளங்கையில வைச்சுக்கொண்டு முத்தத்துக்கு வரணும், வீட்டுக்கு முதுகு காட்டாம கூரையப் பாத்து நிக்கணும், "அணிலே அணிலே, என்ட பல்ல எடு, உன்ட பல்லத் தா" எண்டு சொல்லி ஒரே வீச்சில ஓட்டுக்கு மேல எறியணும். எங்கட பெத்தா, அதான் பாட்டி, இருந்த காலத்தில சாணி உருண்டைக்குள்ள பல்ல வைச்சு எறியச் சொல்லுவா, கிடுகு வீடு அப்ப, சாணி அதுல போய் ஒட்டிக்கொள்ளும். பல்லு திரும்பி உருண்டு கீழ விழுந்தா இன்னொருக்கா எறியணும், கூரையில நிக்கிற வரைக்கும் விடமாட்டா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் வேலியால எட்டிப் பாத்துக் கூச்சல் போடுங்கள். எறிஞ்ச மறுகா அணில் வருதா எண்டு முருங்கை மரத்தடியில குந்திக்கொண்டு இருந்தது எனக்கு இப்பவும் நல்ல ஞாபகம்.

இது எங்கட ஆக்களுக்கு மட்டுமெண்டு நினைக்கவேணாம். என்னோட வேலை செய்யிற காத்தான்குடி முஸ்லிம் சகோதரி ஒருத்தி சொன்னா அவட உம்மும்மாவும் கூரைக்குத்தான் எறியச் சொல்லுவாவாம். அம்பாறை டவுன்ல இருக்கிற சிங்களச் சிநேகிதி வீட்டுலயும் அணிலிட்டத்தான், அவங்க "லேனா" எண்டு கூப்பிட்டுக் கேப்பாங்க. மூண்டு சனமும் பல்ல ஒரே அணிலிட்டக் குடுத்துத்தான் வளந்திருக்கம், இந்தக் கிழக்குல நடந்ததெல்லாம் நினைச்சா இது எனக்குப் பெரிய விசயமாத்தான் படுது.

அணிலத் தெரிஞ்செடுத்ததுக்கும் காரணம் இருக்கு. அணில், எலி ரெண்டும் கொறிக்கிற சாதி, அதுகள்ட முன்பல்லு சாகும் வரைக்கும் வளந்துகொண்டே இருக்கும், கொறிச்சுக் கொறிச்சுத்தான் தேயும். அந்த மாதிரிப் பல்லத் தா எண்டு கேக்கிறதுதான் இது. ஸ்பெயின்ல எலியிட்ட குடுக்கிறாங்க, 1894 வாக்குல அங்க ராசாவா இருந்த எட்டு வயசுப் பொடியன் அல்ஃபோன்சோவுக்குப் பல்லு விழ, லூயிஸ் கொலோமா எண்ட பாதிரியார் ஒரு எலிக் கதை எழுதிக் குடுத்தார், அந்த எலிக்கு பெரஸ் எண்டு பேர், மட்ரிட்ல அதுக்கு ஒரு சின்ன மியூசியமே இருக்கு. யப்பான்ல கீழ்ப்பல்லக் கூரைக்கும் மேல்பல்ல வீட்டுக்குக் கீழயும் எறிவாங்க, புதுப்பல்லு அந்தந்தப் பக்கம் பாத்து நேரா வளரட்டுமெண்டு. கொரியாவில பறவையிட்ட கேக்கிறாங்க. உலகத்தில கன இடத்துச் சனம் பல்லக் குடுத்துப் பல்லத்தான் கேட்டிருக்கு.

சரி, அப்ப எங்கட ஆக்கள் பல்லுக்குக் காசே குடுக்கிறல்லயா எண்டா, குடுக்கிறம், ஆனா விழக்குள்ள இல்ல, முளைக்கக்குள்ள. பல்லுக்கொழுக்கட்டை. பிள்ளைக்கு முதல் பல்லு வெள்ளையா எட்டிப் பாத்தவுடன நாள் பாத்து ஆக்களக் கூப்பிடுவம். வறுத்த அரிசி மா, உள்ளுக்குப் பயறும் தேங்காப்பூவும் சீனியும், கொழுக்கட்டையப் பிடிச்சு அதுட விளிம்புல தேங்காச் சொட்டச் சின்னனா வெட்டிப் பல்லு மாதிரிக் குத்தி வைக்கிற. பிள்ளையப் பாயில இருத்தி, தலைக்கு மேல வெள்ளைத் துணியப் பிடிச்சு, மாமி கொழுக்கட்டையக் கொட்டுவா. முன்னால தட்டத்தில புத்தகம், பேனை, தங்கச் சங்கிலி, காசு, கத்தரிக்கோல் எண்டு வைச்சிருப்பம், பிள்ளை எத எடுக்குதெண்டு எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கொண்டு பாப்பாங்க. என்ட மூத்தவன் கொழுக்கட்டையத்தான் எடுத்தான். வந்த ஆக்கள் மோதிரம் போடுவாங்க, என்வலப்ல காசு வைப்பாங்க, அது கொப்பியில எழுதப்பட்டு மறுகா அவங்கட வீட்டுக் கொண்டாட்டத்துக்குத் திருப்பிச் செய்யப்படும்.

ஆனா அந்தக் காசு பிள்ளைக்குத் தெரியாத வயசு. ஆறு வயசுல விழுற பல்லு அப்படியில்ல, அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், வாயில ரத்தம் வருது, பள்ளிக்கூடத்தில ஓட்டைப் பல்லெண்டு பகிடி பண்ணுறாங்க, கொஞ்சம் பயம், கொஞ்சம் பெருமை. அந்த நேரத்தில வீட்டுல யாரும் ஒண்டும் குடுக்காட்டி அதுவும் சரியில்லதானே. அதால நான் டூத் ஃபெயரிய வரவேணாமெண்டு சொல்லல்ல. அம்மாவோட கதைச்சன், தங்கச்சியோட கதைச்சன், வீட்டுக்காரரோட ரெண்டு தரம் சண்டையும் போட்டன் (அவருக்கு 500 குடுக்கணும், பிள்ளை ஆசைப்படுதாம்), கடைசில ஒரு முடிவுக்கு வந்தம்.

சித்திரை வருசத்துக்கு நாம கைவிசேசம் குடுக்கிறம்தானே, வெத்திலையில புதுத் தாளும் காசும் வைச்சு. அதுல தொகைய யாரும் பெருசாப் பாக்கிறல்ல, ஆரிட கையால வந்ததெண்டுதான் பாப்பம், பெத்தா தந்த 10 ரூவாய அந்தக் காலத்தில செலவழிக்காம கொப்பிக்குள்ள வைச்சிருந்தவள் நான். பல்லுக் காசையும் அப்படியே ஆக்கிட்டம். பல்லு அணிலுக்கு, அதுல மாத்தமில்ல. எறிஞ்சு முடிஞ்சு பிள்ளை முகம் கழுவிட்டு வந்தா அம்மம்மா வெத்திலையில வைச்சுப் புது 20 ரூவாத் தாள் குடுப்பா. முதல் பல்லுக்கு மட்டும் 100. மூத்தவன், நடுவிலாள், சின்னவன் எல்லாருக்கும் ஒரே தொகை, அழுதா கூட்டிக் குடுக்கிறதும் இல்ல, சோதினையில மாக்ஸ் எடுத்தாக் கூட்டிக் குடுக்கிறதும் இல்ல. டொரன்டோவிலயும் தங்கச்சி இப்ப ஒரு டொலராக் குறைச்சிட்டா, அவட மகள் ஒரு சொல்லுச் சொல்லல்ல, அவளுக்குக் காசவிட அணில்தான் பிடிச்சுப் போச்சு, அங்க கறுப்பு அணில் பெருசு பெருசா ஓடித்திரியுதாம். அடுத்த பல்லு விழுந்தா அம்மம்மா வீடியோவில வந்து சொல்லித்தரணுமெண்டு சொல்லி வைச்சிருக்கிறாள்.

100 ரூவாயும் 20 ரூவாயும் உண்டியல்ல போடுற. ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்குப் பேங்க்ல போட்டா பிள்ளைக்கு ஏதும் பரிசும் குடுப்பாங்க, அந்த நாள் மகளக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் அவள்ட கையாலயே போட வைச்சன். டொஃபி வாங்கத் தரமாட்டன் எண்டு முதலே சொல்லிப்போட்டன், பல்லுக்குக் கிடைச்ச காசுல பல்லுக்கு வினை வாங்கலாமா?

பல்லக் கதைக்கிறதால இன்னொரு விசயமும் சொல்லணும், கனபேர் இத அறியாம இருக்காங்க. ஆறு வயசுல முன்பல்லு விழுற அதே நேரம் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால ஒரு கடவாய்ப் பல்லு சத்தமில்லாம முளைக்கும். ஒரு பல்லும் விழாம வாறதால அதையும் பால்பல்லு எண்டு நினைச்சு விட்டுருவம், சூத்தை விழுந்தாலும் விழுந்து முளைக்கும்தானே எண்டு இருந்துருவம். அது விழாது. ஆயுளுக்கும் அதுதான் பல்லு. பிள்ளையப் பள்ளிக்கூடத்துப் பல்லு கிளினிக்குக்குக் கட்டாயம் அனுப்புங்க, காசில்ல, அங்க இருக்கிற மிஸ்மார் நல்லாப் பாப்பாங்க. ஆடுற பல்லக் கதவில நூல் கட்டி இழுக்கிற வேலையும் வேணாம், நாக்கால தள்ளித் தள்ளி அது தானா வரட்டும். விளையாட்டுல விழுந்து நிரந்தரப் பல்லு வேரோட கழண்டா வேர்ப்பக்கம் தொடாம எடுத்துப் பாலுக்குள்ள போட்டுக்கொண்டு உடன பல் டொக்டரிட்ட ஓடுங்க, அரை மணித்தியாலத்துக்குள்ள போனா திரும்ப வைக்கலாம். பால்பல்லத் திரும்ப வைக்கத் தேவையில்ல, அது அணிலுக்குத்தான்.

சின்னவன்ட முதல் பல்லு போன கிழமை போயிட்டு, அதுல ஒரு பிரச்சினை. பாணும் சம்பலும் சாப்பிடக்குள்ள பல்லையும் சேத்து முழுங்கிட்டான். வலி ஒண்டும் இல்ல, ஆனா அணிலுக்குக் குடுக்க ஒண்டுமில்லயே எண்டு வீடு அதிரக் கத்தினான், புதுப் பல்லு வராதாம், காசும் கிடைக்காதாம். அம்மா குசினிக்குள்ள போய் அரிசிப் பானையில கையப் போட்டு முழு அரிசியா ஒண்டு தேடி எடுத்துக்கொண்டு வந்தா. "இஞ்ச வா மனே, இது உன்ட பல்லுத்தான், அணிலுக்குத் தெரியும், எறி" எண்டா. அவன் அந்த அரிசியத் திருப்பித் திருப்பிப் பாத்தான், கண்ணத் துடைச்சான், கூரைச் சீற்றுக்கு மேல எறிஞ்சான், மறுகா கைய நீட்டிக்கொண்டு நிண்டான். 100 ரூவா குடுத்தாச்சு.