பதினோரு பக்க விதிகளும் பதினாறு வாரங்களும்

2021ஆம் ஆண்டு பொங்கல் முடிந்த வாரத்தில், இணையவழியில் நான் படித்துக்கொண்டிருந்த முதுநிலைப் படிப்பின் இரண்டாம் செமஸ்டர் தொடங்கியது. பகலில் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, இரவில் படிப்பு என்று முதல் செமஸ்டரை ஓட்டியிருந்தேன். காணொளி பார்த்து, வினாக்களுக்கு விடையளித்து, தேர்வு எழுதுவது பழகிவிட்டது. இரண்டாம் செமஸ்டரில் வந்த பாடம் அப்படிப்பட்டதன்று. தேர்வே கிடையாது; நான்கு பேர் கொண்ட குழு பதினாறு வாரங்களில் ஒரு புராஜெக்ட்டை முடித்துக் காட்ட வேண்டும். வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு நாட்கள் முன்னதாகப் பதினோரு பக்கங்களில் ஒரு விதித் தொகுப்பு வந்தது.

முதல் முறை படித்தபோது அந்தத் தொகுப்பு என்னைப் புண்படுத்தியது என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் அந்த வாரம் செய்த வேலையை ஞாயிறு இரவு 9 மணிக்குள் தனித்தனியே எழுதி அனுப்ப வேண்டும். புராஜெக்ட்டுக்காக எழுதும் கணினி நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அவரவர் பெயரில் பதிவாக வேண்டும். பிறரிடமிருந்து எடுத்த ஒவ்வொரு வரிக்கும் மூலம் காட்ட வேண்டும். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் கேமரா அணைந்திருக்கக் கூடாது. குழுவினர் ஒருவருக்கொருவர் மதிப்பெண் இட வேண்டும். நூறு மதிப்பெண்ணில் முடிந்த புராஜெக்ட்டுக்கு 30 மட்டுமே. வாரக் குறிப்புகளுக்கு 20, தனி வைவாவுக்கு 25, அறிக்கைக்கு 15, குழுவினர் இடும் மதிப்பெண்ணுக்கு 10. வேலை பார்த்துச் சம்பாதித்துப் பணம் கட்டிப் படிக்கும் பெரியவர்களை இப்படிச் சந்தேகப்பட வேண்டுமா என்று அன்று நினைத்தேன். அந்த எண்ணம் எப்போது மாறியது என்பதை என் வாரக் குறிப்புகளை வைத்தே இப்போது சொல்ல முடிகிறது.

எங்கள் குழுவில் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி, தேனி மாவட்டத்திலிருந்து பள்ளி ஆசிரியராகப் பணிபுரியும் ஓர் அண்ணன், சென்னையிலிருந்து கைக்குழந்தையுடன் படித்த ஒரு தோழி, நான் என நால்வர். ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் 2015 முதல் 2020 வரை ஒவ்வொரு நாளும் எவ்வளவு நீர் இருந்தது என்பதைத் திரட்டி, பார்ப்பவர் விரும்பும் நாளைத் தேர்ந்தெடுத்துப் பிற ஆண்டுகளுடன் ஒப்பிட உதவும் ஒரு தளத்தைக் கட்டுவதென்று முடிவு செய்தோம். யோசனை தோழியுடையது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், ஏரிகள் வறண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த 2019 கோடையையும் ஒரே வீட்டிலிருந்து பார்த்தவர் அவர். சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நிலவரத்தை நாள்தோறும் வெளியிடுவதால் தரவுக்குப் பஞ்சமில்லை என்று நம்பினோம்.

முதல் வாரக் குறிப்பில், "ஏரி நிலவரத் தரவைச் சேகரிக்கத் தொடங்கினோம். அடுத்த வாரம் தொடரும்" என்று எழுதி அனுப்பினேன். பூச்சியம் வந்தது. கீழே பேராசிரியர் மூன்று கேள்விகளை எழுதியிருந்தார்: இந்த வாரம் நீங்கள் எடுத்த முடிவு என்ன? அதற்கு மாற்றாக இருந்து நீங்கள் கைவிட்டது எது? ஏன்? வேலை செய்ததற்கான வருகைப் பதிவேடாக அந்தக் குறிப்பை நான் நினைத்திருந்தேன். அவர் கேட்டதோ முடிவுகளின் பதிவேடு. இந்த வேறுபாடு தொகுப்பின் நான்காம் பக்கத்தில் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். இத்தகைய பாடம் எடுப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: விதித் தொகுப்பைக் குழுவாக உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். நாங்கள் இரண்டாம் வாரத்தில் அதைச் செய்தோம். ஜூமில் இலவசக் கூட்டத்துக்கு 40 நிமிடங்களே அனுமதி என்பதால் இரண்டு அமர்வுகள் ஆயின.

அடுத்த சிக்கல் நான்காம் வாரத்தில் வந்தது. நிரலையும் அதில் யார் என்ன மாற்றினார்கள் என்ற வரலாற்றையும் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் எங்கள் நிரலை வைத்திருந்தோம். பேராசிரியரின் உதவியாளர் ஒரு நாள், "உங்கள் குழுவில் ஐந்தாவதாக ஒருவர் வேலை செய்கிறாரே, அவர் யார்?" என்று கேட்டு எழுதினார். நாகப்பட்டினத்துத் தம்பி தன் உடன்பிறந்த அண்ணனுடைய மடிக்கணினியில் வேலை செய்துவந்தார். அதில் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளை நிறுவியபோது அண்ணனின் பெயரும் மின்னஞ்சலும் பதிவாகியிருந்தன. அதனால் தம்பி மூன்று வாரங்களாகச் செய்த கமிட்டுகள், அதாவது நிரல் மாற்றங்களின் பதிவுகள், அனைத்தும் அண்ணன் பெயரில் சேர்ந்துவிட்டன. விதிப்படி பார்த்தால் தம்பி எதுவுமே செய்யவில்லை, வெளியாள் ஒருவர் எங்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறார். நேரில் நடக்கும் லேப் வகுப்பாக இருந்தால் அவர் உட்கார்ந்து தட்டச்சு செய்வதை ஆசிரியர் பார்த்திருப்பார். இங்கே அவரைக் காண்பதற்கு அந்தப் பதிவைத் தவிர வேறு வழியே இல்லை. விதிகள் எங்களைச் சந்தேகிக்க எழுதப்பட்டவை அல்ல, எங்களைப் பார்க்க எழுதப்பட்டவை என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

தம்பியின் வாரக் குறிப்புகளும் கமிட் குறிப்புகளும் நாள் தவறாமல் ஒத்துப்போனதால் விளக்கம் ஏற்கப்பட்டது. இரண்டு மின்னஞ்சல்களும் ஒரே ஆளுக்குரியவை என்று காட்டும் மெயில்மேப் என்ற சிறு கோப்பைச் சேர்த்தோம். மடிக்கணினியிலும் பெயரை மாற்றினோம். இரவல் கணினியில் வேலை செய்பவர்கள் முதல் நாளே இந்த இரண்டு வரி அமைப்பைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இணைப்பு இல்லாதபோதும் கிட்டில் கமிட் செய்ய இயலும் என்பதையும் பலர் அறிவதில்லை. தேனி அண்ணனின் ஊரில் மாலையில் சிக்னல் கிடைக்காது. அவர் தம் கணினியிலேயே கமிட் செய்து வைத்து, காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் நெட்வொர்க் கிடைக்கும் இடத்தில் நின்று, கைபேசி ஹாட்ஸ்பாட்டின் மூலம் அனுப்பிவிடுவார். வேலை நடந்த நேரமே பதிவில் நிற்கும்.

இடையில் என்னால் ஒரு முழு நாள் வீணாயிற்று. விளக்கக் காணொளி ஒன்றை நிரலோடு சேர்த்து கமிட் செய்துவிட்டேன். 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை கிட்ஹப் ஏற்காது. கோப்பை நீக்கி மறுபடி அனுப்பினால் சரியாகிவிடும் என்று எண்ணினேன். ஆனால் நீக்கிய பிறகும் பழைய கமிட்டின் வரலாற்றுக்குள் அது இருந்துகொண்டே இருப்பதால் திரும்பத் திரும்ப மறுப்பே வந்தது. இன்னும் அனுப்பப்படாத அந்த கமிட்டையே கலைத்துப் புதிதாகச் செய்த பின்தான் வழி பிறந்தது.

இனி, பாடத்தின் உண்மையான பகுதிக்கு வருகிறேன். ஏரி நிலவரத்தில் நீரின் ஆழம் அடியிலும், இருப்பு மில்லியன் கன அடியிலும், வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்கு இத்தனை கன அடி என்றும் இருக்கும். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. தொடக்கத்தில் ஓர் ஆண்டின் சில மாதங்களுக்கு ஆழத்தின் எண்கள் இருப்புக்கான கட்டத்தில் ஏறிவிட்டன. வரைபடத்தில் ஏரி திடீரென்று வற்றிப் போனதைப் பார்த்துத் தோழிதான், "இது 2019 இல்லையே, இந்த மாதங்களில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்ததே" என்று பிடித்தார்.

அதைவிட நுட்பமான பிழை ஏழாம் வாரத்தில் தெரிந்தது. பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645 என்று நான்கு ஏரிகளையும் கூட்டினால் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. 2020 நவம்பரில் கண்ணன்கோட்டை தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டபோது அதில் 500 சேர்ந்து, மொத்தம் 11,757 ஆயிற்று. "கொள்ளளவில் எத்தனை விழுக்காடு நீர் உள்ளது" என்று எங்கள் தளம் காட்டிய கணக்கு ஆறு ஆண்டுகளையும் புதிய மொத்தத்தாலேயே வகுத்துக்கொண்டிருந்தது. ஏரிகளில் 10,000 மில்லியன் கன அடி இருந்தால், பழைய மொத்தத்தில் அது ஏறத்தாழ 89 விழுக்காடு. புதிய மொத்தத்தில் 85 விழுக்காடு. ஆக, கட்டப்படாத ஓர் ஏரியைக் காரணம் காட்டி 2015ஆம் ஆண்டை நாங்கள் உள்ளதைவிட வறட்சியான ஆண்டாகக் காட்டிக்கொண்டிருந்தோம்.

இதைத் திருத்துவது எப்படி என்பதில் குழுவுக்குள் கடும் விவாதம் நடந்தது. ஐந்தாவது நீர்த்தேக்கத்தை ஒதுக்கிவிடலாம் என்றார் தேனி அண்ணன். அப்போது ஆறு ஆண்டுகளுக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கும். தேதியைப் பொறுத்து வகுக்கும் எண் மாற வேண்டும் என்றேன் நான். ஒப்பீட்டுக்கு நான்கு ஏரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஐந்தாவதைத் தனிக் கோடாகக் காட்டுவது என்ற தம்பியின் வழியை முடிவில் ஏற்றோம். அந்த வாரம் நால்வரும் தனித்தனியே எழுதிய குறிப்புகளில் நான்கு வெவ்வேறு காரணங்கள் இருந்தன. அன்று எனக்கு அது குறையாகத் தெரிந்தது. பேராசிரியரோ நால்வருக்கும் முழு மதிப்பெண் தந்தார்.

பிறர் உழைப்பை எடுத்தாள்வது குறித்த விதியைப் பற்றி விரிவாகச் சொல்ல ஏதுமில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை, ஆய்வேடுகளில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவையே ரத்து செய்ய வழிவகுக்கிறது. எங்கள் பாடத்தில் விழுக்காட்டுக் கணக்கே இல்லை. எங்கிருந்து எடுத்தீர்கள், எந்த வரிகள், அவை என்ன செய்கின்றன என்று எழுதினால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். எழுதாவிட்டால் ஒரு வரியும் குற்றம். இந்த முறையே நேர்மையானது என்பது என் கருத்து.

பதிமூன்றாம் வாரம் வரை எல்லாம் நன்றாகப் போயிற்று. ஏப்ரல் 20 முதல் தமிழ்நாட்டில் இரவு ஊரடங்கு வந்தது. அதே வாரத்தில் தோழியின் தந்தை கொரோனாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏரிகளின் நீர் நிலவரத்தை முன்கூட்டியே கணிக்கும் முன்கணிப்புப் பகுதி முழுவதும் தோழியின் பொறுப்பில் இருந்தது. காரணமே கேட்கப்படாத மூன்று சலுகை நாட்கள் செமஸ்டர் முழுமைக்கும் குழுவுக்கு உண்டு. அவற்றில் இரண்டை நான் வீணாக்கிய நாளும் இன்னொரு தாமதமும் ஏற்கெனவே தின்றிருந்தன. அதற்கு மேல் கால நீட்டிப்பு வேண்டுமானால் கெடு முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பது விதி.

மருத்துவமனை வாசலில் நிற்பவரிடம் கெடுவைப் பற்றிப் பேச எங்கள் மூவருக்கும் மனம் வரவில்லை. அவரோ அன்று இரவு தாமாகவே அழைத்து, "அக்கா, நான் இப்போதைக்கு வர முடியாது, சாருக்கு நீங்களே எழுதிவிடுங்கள்" என்றார். சனிக்கிழமை காலையில் எழுதினேன். நீட்டிப்பு கேட்பதைவிட புராஜெக்ட்டின் எல்லைக் குறைப்பு கேளுங்கள் என்று பேராசிரியர் பதில் அனுப்பினார். எந்தப் பகுதியை விடுகிறோம், அதுவரை அதில் நடந்த வேலை என்ன, விட்டால் எது பாதிக்கப்படும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், குறைத்த எல்லைக்கே முழு மதிப்பெண்ணும் கணக்கிடப்படும். இப்படி ஒரு விதி ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. எங்களுக்கு அது தேவைப்படும் என்று உரக்கப் படித்த நாளில் யாரும் நினைக்கவில்லை. முன்கணிப்பைக் கைவிட்டோம். தோழி அதுவரை செய்திருந்த வேலை அவருடைய பன்னிரண்டு வாரக் குறிப்புகளில் இருந்ததால், அந்த ஒரு பக்கத்தை அவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமலேயே எழுத முடிந்தது.

முழு ஊரடங்கு மே 10 அன்று தொடங்கியது. அதற்கு இரண்டு நாட்கள் கழித்து எங்கள் வைவா. ஆளுக்கு இருபது நிமிடங்கள், கேமராவும் திரையும் திறந்திருக்க வேண்டும். என்னிடம் கேட்டவற்றில் நான் தடுமாறியது ஒரே ஒரு கேள்வியில்: "2020 நவம்பர் 25 அன்று செம்பரம்பாக்கத்தில் உங்கள் கணக்குப்படி நகரத்தின் நீர்ப் பயன்பாடு ஏன் கூடியது?" நிவர் புயலின்போது ஏரியின் மதகுகளைத் திறந்த நாள் அது. வெளியேறிய நீரை எல்லாம் நகரம் பயன்படுத்திய நீராக என் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தது. தெரியாது என்று ஒப்புக்கொண்டு, வரத்து, வெளியேற்றம் ஆகிய இரு கட்டங்களையும் திரையில் திறந்து, பேராசிரியர் முன்னிலையிலேயே காரணத்தைக் கண்டுபிடித்தேன். ஐந்து நிமிடங்கள் ஆயிற்று. அவர் காத்திருந்தார். தம்பியிடம் கேட்ட கேள்வி ஐந்தாவது நீர்த்தேக்கத்தைப் பற்றியது; தன் ஏழாம் வாரக் குறிப்பைத் திறந்து வாசித்ததாகத் தம்பி சொன்னார். தந்தை வீடு திரும்பிய பின், ஜூன் மாதத்தில் தோழிக்குத் தனியே வைவா நடந்தது.

குழுவினருக்கு மதிப்பெண் இடுவதே எனக்குக் கடினமாக இருந்தது. மொத்தம் 30 புள்ளிகளை மற்ற மூவருக்கும் பகிர வேண்டும், சமமாகப் பகிர்ந்தால் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. நான் சமமாகவே பகிர்ந்தேன். காரணமாகத் தோழியின் குறிப்புகளிலிருந்து நான்கு முடிவுகளையும் அவை முடிந்த தளத்தில் எங்கே இருக்கின்றன என்பதையும் எடுத்தெழுதினேன். சலுகை நாட்களைக் குழுவுக்கென்று வைக்காமல் ஆளுக்கு ஆள் தனியே தர வேண்டும், ஒருவர் செலவழித்தது இன்னொருவரின் இடர்க்காலத்தைத் தொடக் கூடாது என்று அதே படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எழுதி அனுப்பினேன்.