சித்தி மகளிடம் அந்த ராத்திரி சொன்னது

போன மாதம் ஒரு ராத்திரி என் சித்தி மகள் போன் செய்து, கணவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருப்பது தெரிந்துவிட்டது என்று சொல்லி அழுதாள். "அக்கா, போலீஸ்ல சொன்னா உள்ள போடுவாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

போட மாட்டார்கள். தகாத உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-இல் ரத்து செய்துவிட்டது, அதற்கு முன்னாலும்கூட அந்தப் பிரிவு மனைவிக்குப் புகார் கொடுக்கும் உரிமையைத் தரவே இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆனால் இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் விவாகரத்து கேட்க இது காரணமாக இருக்கிறது. நிரூபிப்பதுதான் பெரும்பாடு. அதனால்தான் பலர் பரஸ்பர சம்மதத்துக்குப் போகிறார்கள்: ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்டபின் ஆறு மாதக் காத்திருப்பு, அதை நீதிமன்றம் நினைத்தால் தளர்த்தலாம்.

நான் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு. கோபத்தில் வீட்டை விட்டுக் கிளம்பாதே. வீடு அவர் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்க உரிமை கேட்க 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஜீவனாம்சமும் கேட்கலாம். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ, பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசம்.

அப்புறம், மன்னித்துச் சேர்ந்து வாழ நினைத்தால் அதுவும் அவள் முடிவுதான், எங்கள் வீட்டுப் பெரியவர்களுடையது இல்லை. இன்னும் அவள் முடிவு செய்யவில்லை. தினமும் ராத்திரி பேசுகிறோம்.