ஆற்றில் மூழ்கிய பிள்ளை: வார்டில் கவனிக்க வேண்டியது

தூக்கியெடுத்த பிள்ளை அழுது, கண் திறந்து, "அம்மா" என்று கூப்பிட்டதும் தோட்டத்து லய வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போர்த்திப் படுக்க வைத்துவிடுவார்கள் நம் ஆட்கள். மூச்சுத் திணறி இருமிய பிள்ளை என்றால் அது போதாது. நுரையீரலின் காற்றறைகளைச் சுருங்காமல் வைத்திருக்கும் மெல்லிய படலத்தை உள்ளே போன தண்ணீர் கெடுத்துவிடும். அதன் விளைவு தெரிய 4 முதல் 8 மணி நேரம்கூட ஆகலாம். அதனால்தான் ஓடி விளையாடுகிற பிள்ளையையும் டொக்டர் அதுவரை வீட்டுக்கு விடமாட்டார். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது என்று சண்டை பிடிக்காதீர்கள்.

தண்ணீரிலிருந்து எடுக்கும்போது மூச்சே இல்லாவிட்டால் முதலில் வாயோடு வாய் வைத்து 5 முறை ஊத வேண்டும். பிறகு 30 நெஞ்சு அழுத்தம், 2 ஊதல் என்று மாறி மாறி. வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகப் பிடிப்பதும் வேண்டவே வேண்டாம். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கூட நிற்பவர் 1990க்கு அடிக்கட்டும், சுவசெரிய அம்புலன்ஸ் வண்டிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

வார்டில் பெற்றோர் செய்யக்கூடிய பெரிய வேலை மூச்சை எண்ணுவதுதான். நுவரெலியாக் குளிரில் கழுத்து வரை கம்பளி போர்த்தியிருப்பீர்கள். அதை விலக்கி, பிள்ளை தூங்கும்போது முழு 1 நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பாருங்கள். 1 முதல் 5 வயதுக்குள் 40ஐத் தாண்டினாலோ, விலா எலும்புக்கு இடையே குழி விழுந்தாலோ, மூக்கு விடைத்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் மிஸ்ஸை (தாதியை) எழுப்புங்கள்.

விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவு பார்க்கும் கருவி குளிர்ந்த கையில் பொய் சொல்லும். எண் திடீரென்று குறைந்தால் மிஸ்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அவர் வரும்வரை கையைச் சூடாக்குங்கள். பிள்ளை புரண்டு படுத்தால் ஒட்சிசன் போகும் மூக்குக் குழாய் கன்னத்துக்கு நழுவிவிடும், அதையும் பாருங்கள்.

மூச்சு வேகமாக இருக்கும்வரை கஞ்சியும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம், புரையேறும். எப்போது கொடுக்கலாம் என்று கேட்டுவிட்டு, நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முதல் நாள் காய்ச்சல் வந்தால் எல்லோரும் பதறுவார்கள். உள்ளே போன அழுக்குத் தண்ணீரின் எரிச்சலாலும் அது வரலாம். அன்டிபயோட்டிக் தரவில்லை என்பதாலேயே கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது எதற்குத் திரும்பி வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இருமல் கூடினால், மீண்டும் காய்ச்சல் அடித்தால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால் அன்றே திரும்ப வேண்டும். தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து இறங்க இரவில் வண்டி கிடைக்காது என்றால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். இன்னொரு இரவு வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க அது அவருக்கு உதவும்.