ஒன்றியப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை: கோப்பு எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குக் கட்டடம் கேட்டு முதன்மைக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் ஊர்கள் இன்றைக்கும் உண்டு. மனுவில் குறையில்லை, கொடுத்த இடம்தான் தப்பு. ஒன்றியப் பள்ளியில் ஆசிரியரும் அவர் சம்பளமும் பள்ளிக் கல்வித் துறையின் பொறுப்பு. கட்டடமும் இடமும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருவர் இருப்பார்கள்; 'வட்டார ஊராட்சி' என்று பெயர்ப்பலகை இருக்கும் அறைதான் நீங்கள் போக வேண்டியது, 'கிராம ஊராட்சி' அல்ல. மதிப்பீடு போடுவதும் வேலையைப் பார்ப்பதும் ஒன்றியப் பொறியாளர் பிரிவு. வட்டாரக் கல்வி அலுவலருக்கு நகல் கட்டாயம் போக வேண்டும், தேவைப் பட்டியல் அங்கிருந்துதான் கிளம்பும். ஆனால் அந்த நகலை மட்டும் நம்பி உட்கார்ந்தால் எதுவும் நகராது.

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் வழியே வேறு. அங்கே கட்டுவது பொதுப்பணித் துறை. பணம் பெரும்பாலும் நபார்டு வங்கியின் ஊரக உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியில் வாங்கும் கடன். நகராட்சிப் பள்ளிக்கு அந்த நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கு அந்தத் துறை. இங்கே சொல்வது ஒன்றியப் பள்ளியின் வழி.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு மயக்கம் உண்டு. 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் என்று படித்துவிட்டு, அதில் நம் பள்ளிக்கு முப்பது லட்சம் கிடைக்காதா என்று கேட்பார்கள். அது மானியக் கோரிக்கை (ஒரு துறையின் செலவுக்குச் சட்டமன்றத்தில் கேட்கும் பணம்) எண் 43. அதில் பெரும்பகுதி சம்பளம். ஒன்றியப் பள்ளிக் கட்டடத்துக்கான பணத்தைத் தேட வேண்டியது ஊரக வளர்ச்சித் துறையின் 42-ஆம் எண் கோரிக்கையில். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஒன்றியப் பள்ளிகளுக்கான வேலைகள் இந்தத் துறை வழியாகத்தான் நடக்கின்றன. 2023 பிப்ரவரி 1 அன்று வேலூரில் தொடங்கிய கட்டத்தில் 784 கோடி ரூபாயில் 5,351 வகுப்பறைகள். வகுத்துப் பார்த்தால் ஓர் அறைக்குச் சராசரி 14.65 லட்சம்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் இன்னொரு வாசல். மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. தேசியக் கல்விக் கொள்கை, பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம் தொடர்பான தகராறில் 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி நின்றுபோய், 2025 மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கே போனது. ஆகவே அந்த ஒரு வாசலை மட்டும் நம்பிக் கோப்பு போடாதீர்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி. இவை சிறிய வேலைக்கு வேகமான வழி. 'நமக்கு நாமே'யில் ஊர் பங்கு மூன்றில் ஒன்று, அதாவது 30 லட்சம் வேலைக்கு 10 லட்சம் நீங்கள் கட்ட வேண்டும். சுற்றுச்சுவருக்கு ஊர் கூடிப் புரட்டிவிடலாம். இரண்டு வகுப்பறைக்குக் கஷ்டம்.

இத்தனை வாசல் இருந்தும் கட்டடம் வராததற்குப் பணம் இல்லாதது முதல் காரணம் அல்ல. பட்டியல் கேட்டு மாவட்டத்திலிருந்து சுற்றறிக்கை வரும்போது அவகாசம் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். அன்றைக்குக் காலியிடமும் காகிதமும் தயாராக இருக்கும் பள்ளியின் பெயர் ஏறும். மற்றவை 'அடுத்த ஆண்டு'.

அந்தக் காகிதங்களில் முதலாவது, பலர் கண்டுகொள்ளாத யுடைஸ் பிளஸ் (நாடு முழுக்கப் பள்ளி விவரம் சேர்க்கும் இணையப் பதிவு) படிவம். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30 நிலவரப்படி பள்ளி விவரம் அதில் ஏறும். எத்தனை வகுப்பறை, எத்தனை நல்ல நிலையில், எத்தனை சிறு பழுது, எத்தனை பெரும் பழுது என்று கேட்கும். பூட்டிக் கிடக்கும் ஓட்டுக் கட்டடத்து மூன்று அறைகளையும் சேர்த்து, கேள்வி வராமல் இருக்க எல்லாவற்றையும் 'நல்ல நிலை' என்று தட்டிவிடுவது பழக்கம். கணினிக் கணக்கில் அந்தப் பள்ளிக்குத் தேவை பூஜ்யம். பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாலும் பூஜ்யம்தான். சமர்ப்பிக்கும் முன் பிரிண்ட் எடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் இரண்டு பேர் அறை அறையாக நடந்து சரிபாருங்கள்.

எத்தனை அறை கேட்கலாம் என்பதையும் வாய்க்கு வந்தபடி சொல்லக்கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும் என்கிறது. தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று, 120 வரை நான்கு. இந்தக் கணக்கைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்: மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, பயன்படும் அறை, குறையும் அறை, சர்வே எண், காலியிடத்தின் நீள அகலம். 'எங்கள் பள்ளிக்கு நல்ல கட்டடம் கட்டித் தர வேண்டுகிறோம்' என்ற ஒற்றை வரித் தீர்மானத்தை வைத்துப் பொறியாளரால் எதுவும் செய்ய முடியாது. மேலாண்மைக் குழுத் தீர்மானத்தைப் பெற்றோர் செயலியில் ஏற்றுங்கள். அடுத்து வரும் கிராம சபையிலும் அதையே தீர்மானமாக்குங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை இருக்கிறது, ஒன்றைத் தவறவிட்டால் பெரிய நஷ்டமில்லை.

இரண்டாவது, பழைய கட்டடத்தை இடிப்பது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதான கட்டடங்களை இடிக்கும் வேலை மாநிலம் முழுக்க வேகம் பிடித்தது. என்றாலும் இடிப்பு தனிக் கோப்பு. பொறியாளர் பார்த்து 'பயன்படுத்தத் தகுதியற்றது' என்று சான்று தர வேண்டும். மரம், ஓடு, இரும்பு இவற்றுக்கு மதிப்பு போட வேண்டும். மாவட்ட அளவில் ஆணை வர வேண்டும். பிறகு ஏலம். மதிப்பு கூடிவிட்டால் ஏலம் எடுக்க ஆள் வராது, மறு ஏலம், இன்னும் இரண்டு மாதம். அதற்குள் புதுக் கட்டட ஆணை வந்துவிட்டால் இடம் காலியில்லை என்று ஒதுக்கீடு பக்கத்து ஊருக்குப் போகும். அதனால் இடிப்பு மனுவை முதலில் கொடுங்கள், கட்டட மனு பின்னால் வரட்டும். கட்டப் போகும் இடத்தில் மரம் நின்றால், அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். முடிந்தால் கட்டடத்தைப் பத்தடி தள்ளிப் போடுங்கள். மரமும் பிழைக்கும், மாதமும் மிஞ்சும்.

மூன்றாவது நிலம். அறுபது வருடமாகப் பள்ளி நடக்கிற இடம், இதில் என்ன சந்தேகம் என்று தோன்றும். கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் வகை எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டுப் பிரதியும் புல வரைபடமும் வாங்கிப் பாருங்கள். பள்ளிக்கூடம் என்று வகைப்பாடு இருந்தால் நல்லது. பல ஊர்களில் பாதி இடம் நத்தம் (குடியிருப்பு நிலம்), பாதி மேய்க்கால் புறம்போக்கு என்று இருக்கும். நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால் அந்தத் துண்டை அப்படியே மறந்துவிட வேண்டும். மற்றவற்றுக்கு நில மாற்றம் கேட்டு வட்டாட்சியருக்கு எழுதலாம். முழு ஆணை வர நாளாகும், இடையில் முன் நுழைவு அனுமதி வாங்கினால் வேலையைத் தொடங்க வழியுண்டு. யாராவது நிலம் தானமாகக் கொடுத்தால் வாய்வார்த்தையோடு விடாமல் பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து, பட்டா மாறும் வரை பின்தொடருங்கள். கொடுத்தவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் வேலி போட்ட கதைகள் ஏராளம்.

இனி மதிப்பீடு. பொதுப்பணித் துறை விலைப் பட்டியலை வைத்து, மாதிரி வரைபடத்துக்கு ஏற்பப் போடுவார்கள். கடைசிப் பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். ஒரு கணக்குக்காக, வேலை மதிப்பு 24 லட்சம் என்று வைப்போம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 4,32,000. கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், 24,000. ஆக 28,56,000. மேலே சொன்ன சராசரிப்படி இரண்டு அறைக்கு 29.3 லட்சம் என்றால் மீதி முக்கால் லட்சத்துக்குள்தான் தரப் பரிசோதனை, பெயர்ப்பலகை, எதிர்பாராச் செலவு எல்லாம். அதாவது முப்பது லட்சத்துக் கட்டடம் என்று ஊரில் பேசினாலும் செங்கல், சிமென்ட், கம்பி, கூலிக்குப் போவது 24 லட்சம். அரசு வேலைக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2022 ஜூலை 18 முதல் 18 ஆனபோது, பழைய வீதத்தில் அனுமதி வாங்கிய வேலைகளில் இந்த இடம்தான் இடித்தது.

மாதிரி மதிப்பீடு எல்லா ஊருக்கும் ஒரே அஸ்திவாரத்தை வைத்துக்கொள்ளும். கரிசல் மண்ணில் அது நிற்காது. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி, நான்காம் வருடம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். தோண்டிப் பார்த்த பிறகு இன்னும் மூன்றடி போக வேண்டும் என்றால் அதற்கு மதிப்பீட்டில் பணம் இருக்காது. திருத்திய நிர்வாக அனுமதி (கூடுதல் செலவுக்கு ஒப்புதல்) கேட்க வேண்டும், அது வரும்வரை குழி திறந்தே கிடக்கும். மதிப்பீடு போடும்போதே மண் பரிசோதனை கேளுங்கள். மணல், ஜல்லி எந்தக் குவாரியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று 'லீட்' போடும் பக்கத்தையும் பாருங்கள். தூரத்தைக் குறைத்துக் காட்டினால் ஒப்பந்ததாரர் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்.

செலவுக்கான நிர்வாக அனுமதி, மதிப்பீட்டுக்குப் பொறியாளர் தரும் தொழில்நுட்ப அனுமதி இரண்டும் ஆன பின் ஒப்பந்தப்புள்ளி. இரண்டு கோடிக்கு உட்பட்ட வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் என்பது விதி. சிக்கல் நாட்களில் இல்லை, சேர்த்துக் கட்டுவதில். ஐந்தாறு பள்ளியை ஒரே தொகுப்பாக்கினால், எடுத்தவர் ரோட்டோரப் பள்ளியை முதலில் முடித்துப் பட்டியல் (பில்) பணம் வாங்குவார். மலையடிவாரப் பள்ளி கடைசி. இதைத் தடுக்க உங்களிடம் ஆயுதம் கிடையாது. வேலை ஆணையின் நகலும் அதில் உள்ள முடிவுத் தேதியும் கையில் இருந்தால், வாரம் ஒரு தடவை கேட்கவாவது முடியும்.

மழைக்கணக்கு இன்னொன்று. ஜூலையில் ஆணை வந்து, செப்டம்பரில் ஒப்பந்தம் முடிந்தால் குழி தோண்டும்போது ஐப்பசி பிறந்துவிடும். தண்ணீர் நின்ற குழியில் சேற்றை வழித்து எடுக்காமல் கான்கிரீட் கொட்டுவது அப்போதுதான் நடக்கும். பேஸ்மட்டத்தை மழைக்கு முன் எழுப்ப முடியாதென்றால் தை வரை பொறுப்பது மேல். ஆனால் மார்ச் 31 நெருங்கும்போது யாரும் பொறுக்கமாட்டார்கள். நிதியாண்டு முடிவுக்குள் பட்டியல் போட வேண்டும் என்ற அவசரத்தில் பங்குனியில் எழும் கட்டடத்துக்கு நீராற்றல் (கான்கிரீட் இறுகத் தண்ணீர் விட்டு ஈரமாக வைப்பது) குறையும். பள்ளி வளாகத்தில் போர் தண்ணீர் வருகிறதா என்று முன்பே பாருங்கள்.

மேலாண்மைக் குழு பொறியாளர் ஆக வேண்டாம். சில விஷயங்களைக் கண்ணால் பார்த்தால் போதும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியை அச்சுப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் சிறு கட்டை) இருக்கிறதா: மேல்தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40. கான்கிரீட் போடும் நாளில் 15 சென்டிமீட்டர் கனச்சதுர அச்சுகள் நிரப்பப்படுகின்றனவா. 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் அவற்றை உடைத்துப் பார்ப்பார்கள். இப்போது பெரும்பாலும் வரும், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும். ஆறு மீட்டருக்கு மேல் நீளும் பீமைத் தாங்கும் முட்டுகளை 21 நாளுக்கு முன் எடுக்கக்கூடாது. தலைமையாசிரியர் போனில் தேதியோடு படம் எடுத்து வைத்தால் வாக்குவாதமே வராது. பணம், முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் ஏறிய அளவுக்குத்தான் போகும். மேல் பொறியாளர் மறு அளவு எடுக்க வரும் நாளில் குழுவில் ஒருவர் அங்கே நின்றால் நல்லது.

ஒப்படைக்கும்போது 'முடிந்தது' என்று கையெழுத்து கேட்பார்கள். சாய்தளமும் கைப்பிடியும் இருக்கிறதா, மின் இணைப்புக்கு டெபாசிட் கட்டியது யார், மாடியிலிருந்து மழைநீர்க் குழாய் தரை வரை வருகிறதா, பலகைக்கு எதிரில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தபின் போடுங்கள். குறை இருந்தால் கையெழுத்துக்கு மேலேயே எழுதுங்கள். அடுத்த செப்டம்பர் படிவத்தில் இடித்த அறைகளைக் கழித்து, புது அறைகளைச் சேர்க்க வேண்டும். கழிக்க மறந்தால் இருக்கிற அறையைவிட அதிகம் காட்டும், அடுத்த தேவைக்கு அதுவே தடை.

ஒப்பந்ததாரரின் பணத்தில் ஒரு பகுதி உத்தரவாதக் காலம் முடியும்வரை பிடித்தத்தில் இருக்கும். அது திரும்பிப் போகும் முன் முதல் ஐப்பசி மழையில் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, தட்டோட்டின் இணைப்பு எங்கே வாய் பிளந்திருக்கிறது, கீழே எந்த மூலையில் ஈரம் இறங்குகிறது என்று படத்தோடு ஒன்றியத்துக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்குங்கள்.