பக்கம் இல்லாதவன் போட்ட பணிப்பட்டியல்

கிளாஸ்கோ நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில், போர்ட்டர்களுக்கான பணிப்பட்டியலைத் தயாரிக்கும் வேலையில் நான் சில ஆண்டுகள் இருந்தேன். நோயாளிகளை வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்கும் அறுவை அரங்குக்கும் அழைத்துச் செல்வது, ரத்த மாதிரிகளை ஆய்வகத்தில் சேர்ப்பது, ஆக்சிஜன் சிலிண்டர்களை மாற்றுவது, இறந்தவர்களைப் பிணவறைக்குக் கொண்டுபோவது எல்லாம் போர்ட்டர்களின் பொறுப்பு. யார் எந்த ஷிப்டில் வர வேண்டும் என்று எழுதி ஒட்டுபவனுக்கு எந்த ஊரிலும் நல்ல பெயர் கிடைப்பதில்லை. கிளாஸ்கோவில் அதோடு செல்டிக், ரேஞ்சர்ஸ் என்னும் இரண்டு கால்பந்துக் கிளப்புகளின் நூறாண்டைத் தாண்டிய பகையும் சேர்ந்துகொள்வதால், ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்டுக்கு ஒருவரின் பெயரை எழுதுவதுகூட ஒரு தரப்பின் செயலாகப் பார்க்கப்படும் என்பதை நான் அங்கே போன பிறகுதான் அறிந்துகொண்டேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேஞ்சர்ஸ் 1872இல் தொடங்கப்பட்டது. செல்டிக் 1887இல், நகரின் கிழக்குப் பகுதியில் வறுமையில் வாடிய அயர்லாந்துக் குடியேறிகளுக்கு உணவளிக்க நிதி திரட்டுவதற்காக, வால்ஃப்ரிட் என்னும் கத்தோலிக்கத் துறவியின் முயற்சியால் உருவானது. காலப்போக்கில் செல்டிக் கத்தோலிக்கர்களின், அயர்லாந்து வழிவந்தோரின் அணியாகவும், ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டன்ட்டுகளின், பிரிட்டிஷ் அரசின் மீது பற்றுள்ளோரின் அணியாகவும் அடையாளம் பெற்றன. கத்தோலிக்கர் என்று அறியப்பட்ட ஆட்டக்காரர்களை ரேஞ்சர்ஸ் பல பத்தாண்டுகள் எடுக்கவே இல்லை. 1989இல் மோ ஜான்ஸ்டன் என்ற முன்னாள் செல்டிக் வீரரை ஒப்பந்தம் செய்தபோது, இரு தரப்பு ரசிகர்களும் கொதித்தார்கள். 1918ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் கத்தோலிக்கப் பள்ளிகளை அரசு அமைப்புக்குள் கொண்டுவந்து அவற்றின் சமய அடையாளத்தையும் காப்பாற்றியதால், ஒருவர் படித்த பள்ளியின் பெயரைக் கேட்டாலே அவர் எந்த அணியின் பக்கம் என்று ஊகித்துவிடலாம். ஆகவே அங்கே அணியைப் பற்றி யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று கேட்பார்கள்.

எங்கள் பணிப்பட்டியலின் சிக்கல் இப்படி ஏற்பட்டது. லீக் போட்டிகளில் இவ்விரு அணிகளும் ஒரு பருவத்தில் பொதுவாக நான்கு முறை மோதும். பெரும்பாலான லீக் ஆட்டங்களுக்கான அட்டவணை ஜூன் மாதமே வெளியாகிவிடும் என்றாலும், தொலைக்காட்சி நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்த பிறகு நாளும் நேரமும் மாறும். நான்காவது மோதலோ இன்னும் மோசம். ஒவ்வோர் அணியும் 33 ஆட்டங்கள் ஆடி முடித்த பிறகு லீக் மேல் ஆறு, கீழ் ஆறு என்று இரண்டாகப் பிரிக்கப்படுவதால், கடைசி ஐந்து ஆட்டங்களின் தேதிகள் வசந்த காலத்தில்தான் தெரியவரும். நாங்களோ வாரங்களுக்கு முன்பே பட்டியலை ஒட்டியாக வேண்டும். ஆட்டம் சனிக்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாறினால், சனிக்கிழமை விடுப்பு பெற்றிருந்தவர்கள் ஏமாந்துபோவார்கள்; அந்த ஏமாற்றம் மறுநாளே சந்தேகமாகிவிடும். மேலும், 1999 மே மாதம் செல்டிக் பார்க்கில் மாலையில் நடந்த ஆட்டத்தில் நடுவர் நாணயத்தால் அடிபட்டு ரத்தம் வழிய நின்ற பிறகு, இந்த ஆட்டங்களை நண்பகலை ஒட்டியே தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ரசிகர்கள் குடிப்பதற்கு நேரம் கிடைக்கக் கூடாது என்பது காவல்துறையின் கணக்கு. அதன் விளைவாக, காலை ஷிப்டில் இருப்பவர் ஆட்டத்தை முழுவதுமாக இழப்பார். பிற்பகல் ஷிப்டில் இருப்பவர் கடைசிப் பகுதியை மட்டும் இழப்பார். இரவு ஷிப்டுக்காரரோ தூக்கத்தைத் தியாகம் செய்து முழுவதையும் பார்ப்பார்.

நான் இந்தியன், கால்பந்தில் எனக்கு அணி இல்லை, ஆகவே என்னை நடுவில் நிற்பவனாக ஏற்றுக்கொள்வார்கள் என்றுதான் மேலாளர் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார். போர்ட்டர்கள் அந்த ஏற்பாட்டைத் துளியும் நம்பவில்லை. இந்துவா, சரி, கத்தோலிக்க இந்துவா, புராட்டஸ்டன்ட் இந்துவா என்ற பழைய நகைச்சுவையை, ஒவ்வொருவரும் அதைத் தாமே அந்த நிமிடத்தில் உருவாக்கியது போன்ற பெருமையோடு என்னிடம் சொன்னார்கள். சிரித்து முடித்த பிறகு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள். நகரின் வழக்கப்படி, பார்ட்டிக் திஸில் அணியை ஆதரிக்கிறேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். இரு பெரிய அணிகளில் எதையும் வெளிப்படையாகச் சொல்ல விரும்பாதவர்கள் எல்லாரும் அதையே சொல்வார்கள் என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. என் மகன் சேர்ந்த பள்ளி, வீட்டுக்கு மிக அருகில் இருந்தது என்பதற்காகச் சேர்த்த பள்ளி, கத்தோலிக்கப் பள்ளிகளைப் போல ஒரு புனிதரின் பெயரைக் கொண்டிருந்தது. அந்தச் செய்தி பரவியதும் நீலத் தரப்பினர், அதாவது ரேஞ்சர்ஸ் ரசிகர்கள், தலையசைத்துக்கொண்டார்கள். நான் நீல நிற ஸ்வெட்டர் அணிந்து வந்த ஒரு வாரத்தில் பச்சைத் தரப்பினரான செல்டிக் ரசிகர்கள் அதைக் கவனித்ததாகவும் கேள்விப்பட்டேன். அந்த ஸ்வெட்டரைத் தள்ளுபடி விலையில் வாங்கியது தவிர அதற்கு வேறு கொள்கை எதுவும் இல்லை.

ஆனால் இவர்களுக்கிடையே நான் எதிர்பார்த்துப் போன பகை வேறு, கண்டது வேறு. இரு அணி ரசிகர்களும் ஒருவரையொருவர் நம்ப மாட்டார்கள் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்போம். உண்மையில் செல்டிக் ரசிகரான மூத்த போர்ட்டர் ஒருவரும் ரேஞ்சர்ஸ் ரசிகரான மூத்த போர்ட்டர் ஒருவரும் பல ஆண்டுகளாகத் தங்களுக்குள் வாய்மொழியாகவே ஷிப்டுகளை மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஐரோப்பியப் போட்டி இரவுகளில் ஒருவருக்காக மற்றவர் நிற்பார். அடுத்த வாரம் கணக்கு நேராகும். எழுத்து இல்லை, சாட்சி இல்லை, ஒரு முறைகூடத் தகராறு வந்ததாக நான் கேள்விப்படவில்லை. தேநீர் இடைவேளையில் ஒருவர் அணியை மற்றவர் வெளியே எழுத முடியாத சொற்களால் திட்டுவார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரே கட்டிலைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அவர்கள் இருவரும் ஒருமித்துச் சந்தேகித்தது எங்கள் அலுவலகத்தைத்தான். எதிரி என்ன செய்வான் என்பது அவர்களுக்குத் தெரியும். தனக்குப் பக்கமே இல்லை என்று சொல்லிக்கொண்டு நடுவில் நிற்பவன் என்ன செய்வான் என்பதுதான் தெரியாது.

இந்த மனநிலைக்கு நீண்ட வரலாறு இருப்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1909இல் ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதி ஆட்டம் ஹாம்ப்டன் பார்க்கில் செல்டிக்குக்கும் ரேஞ்சர்ஸுக்கும் இடையே 2-2 என்று சமனில் முடிந்தது. ஒரு வாரம் கழித்து நடந்த மறுஆட்டமும் 1-1 என்று முடிந்தது. கூடுதல் நேரம் ஆடப்படும் என்ற எதிர்பார்ப்பில் கூட்டம் காத்திருக்க, விதியில் அதற்கு இடமில்லாததால் ஆட்டக்காரர்கள் உள்ளே போய்விட்டார்கள். மூன்றாவது ஆட்டத்துக்கும் டிக்கெட் விற்றுக் காசு பார்க்கவே வேண்டுமென்று சமன் செய்கிறார்கள் என்ற ஐயம் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. இரு தரப்பு ரசிகர்களும் மைதானத்துக்குள் இறங்கினார்கள். கோல் கம்பங்களைப் பிடுங்கினார்கள். டிக்கெட் வசூல் கூண்டுகளுக்குத் தீ வைத்தார்கள். அணைக்க வந்தவர்களின் நீர்க்குழாய்களை வெட்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்த ஆண்டு கோப்பை எவருக்கும் வழங்கப்படவில்லை. நகரத்தின் மிகப் பெரிய கால்பந்துக் கலவரங்களில் ஒன்றில் இரு தரப்பும் ஒரே பக்கம் நின்றன.

சந்தேகம் வெறும் மூடத்தனமாக இருந்திருந்தால் அது எப்போதோ வற்றியிருக்கும் என்பது என் கருத்து. அவ்வப்போது அது உண்மையாகிவிடுவதுதான் சிக்கல். 1996இல் செல்டிக் ஒப்பந்தம் செய்த போர்ச்சுகல் வீரர் ஜார்ஜ் கடேட்டின் பதிவு ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கத்தில் தாமதமாகி, ரேஞ்சர்ஸுக்கு எதிரான கோப்பை அரையிறுதியில் அவர் ஆட முடியாமல் போனது. செல்டிக் 2-1 என்று தோற்றது. கிளப் விடாமல் தொடர்ந்து கேள்வி எழுப்ப, சங்கத்தின் தலைமை நிர்வாகி ஜிம் ஃபாரி 1999இல் பதவிநீக்கம் செய்யப்பட்டார். எங்கள் தேநீர் அறையில் எந்த வாதம் நடந்தாலும் செல்டிக் தரப்பினர் கடைசியில் அந்தப் பெயரைத்தான் எடுப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் அவர்களுக்கு நம்பிக்கையைப் பற்றி உபதேசம் செய்ய முடியாது.

2010 அக்டோபரில் நடந்தது இன்னும் விநோதம். டண்டீ யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக்குக்குப் பெனால்டி வழங்கிய நடுவர் டக்கி மெக்டொனால்ட் அதை உடனே திரும்பப் பெற்றார். திரும்பப் பெற்றது சரியான முடிவு என்பதைப் பலரும் ஒப்புக்கொண்டார்கள். செல்டிக் அந்த ஆட்டத்தில் வென்றும்விட்டது. ஆனால் துணை நடுவர் தன்னை அழைத்துச் சொன்னதால்தான் முடிவை மாற்றினேன் என்று நடுவர் கொடுத்த விளக்கம் பொய் என்று பின்னர் வெளிப்பட்டது. முடிவு சரி, விளக்கம் பொய். இதைவிடச் சந்தேகத்தை வளர்க்கக்கூடிய உரம் வேறொன்று இருக்க முடியுமா என்று தெரியவில்லை. தங்கள் நேர்மை சந்தேகிக்கப்படுகிறது என்று ஸ்காட்லாந்து நடுவர்கள் நவம்பர் இறுதியில் வேலைநிறுத்தமே செய்தார்கள். லக்ஸம்பர்க், இஸ்ரேல், மால்டா ஆகிய நாடுகளிலிருந்து நடுவர்களை வரவழைத்து ஆட்டங்களை நடத்தினார்கள். அன்று வந்தவர்களின் பள்ளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்று எங்கள் மூத்த போர்ட்டர் ஒருவர் நினைவுகூர்ந்து சொன்னார். தேட முடியாததால்தான் கேட்கவில்லை என்று மற்றவர் திருத்தினார்.

ரேஞ்சர்ஸ் தரப்புக்கும் தங்கள் கணக்குப் புத்தகம் உண்டு. 2012இல் அந்தக் கிளப்பை நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட, புதிய நிறுவனத்தை மேல்நிலை லீக்கில் சேர்க்க மற்ற கிளப்புகள் வாக்களித்து மறுத்தன. நான்காம் நிலையிலிருந்து ஏறி வர 2016 ஆயிற்று. விதிப்படி நடந்தது என்றார்கள் மற்றவர்கள். நாங்கள் விழக் காத்திருந்தார்கள் என்றார்கள் ரேஞ்சர்ஸ் ரசிகர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னபோது, இரு தரப்பினரும் என்னை ஒருசேரப் பார்த்த பார்வையில், நடுவில் நின்று பேசுபவனுக்கு அங்கே உள்ள மதிப்பு எனக்கு விளங்கியது.

முறையீடுகள் பெருகவே, எங்கள் நிர்வாகம் பட்டியலைக் கணினி மென்பொருளிடம் ஒப்படைத்தது. விடுப்பு எண்ணிக்கை, முந்தைய வார இறுதிகள், பணிமூப்பு ஆகியவற்றை வைத்து அதுவே ஷிப்டுகளைப் பிரிக்கும்; நான் சரிபார்த்து ஒட்டினால் போதும். முறையீடுகள் சிறிது காலம் ஓய்ந்தன. பிறகு, அந்த மென்பொருளுக்குள் விதிகளை எழுதியவர் யார் என்ற கேள்வி பிறந்தது. 2022 அக்டோபரில் ஸ்காட்லாந்து லீக்கில் காணொளி உதவி நடுவர் முறை வந்தபோது அதையே பெரிய அளவில் பார்த்தேன். திரையைப் பார்த்து முடிவு சொன்னால் சந்தேகம் தீரும் என்றார்கள். சந்தேகம் மைதானத்தை விட்டுத் திரை இருக்கும் அறைக்குக் குடிபெயர்ந்தது. 2023 டிசம்பர் 30 அன்று செல்டிக் பார்க்கில் பந்து கையில் பட்டும் பெனால்டி தரவில்லை என்று கொதித்த ரேஞ்சர்ஸ் நிர்வாகம், அந்த அறையில் நடந்த உரையாடலின் பதிவைக் கேட்டது. அதற்கு முன்பே ஆஃப்சைடு இருந்ததால் பெனால்டி கிடைத்திருக்காது என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. தாமதமாக வரும் சரியான விளக்கத்தை அங்கே எவரும் விளக்கமாக எடுத்துக்கொள்வதில்லை. யோசித்துத் தயாரித்தது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் வேடிக்கையாக மட்டும் எழுதிவிட முடியாது. ஆட்டம் முடிந்த மாலைகளில் அவசரப் பிரிவுக்குக் கட்டில்களைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் எங்கள் போர்ட்டர்கள்தான். அந்த நாள்களில் வீட்டு வன்முறைப் புகார்கள் கூடுவதைக் காவல்துறையே பலமுறை சொல்லியிருக்கிறது. அடிபட்டு வருபவர் எந்தச் சட்டை அணிந்திருந்தாலும் இரு தரப்பினரும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். அந்த மாலைகளில் பணிப்பட்டியலைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

நான் வேறு துறைக்கு மாறியபோது, பட்டியல் பொறுப்பு உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் போனது. அவர் ரேஞ்சர்ஸின் மைதானமான ஐப்ராக்ஸில் பருவச் சீட்டு வைத்திருப்பவர். அதை மறைத்ததே இல்லை. இனித் தினமும் சண்டைதான் என்று நான் நினைத்தேன். எழுத்துமூலமான முறையீடுகள் என் காலத்தைவிடக் குறைந்துவிட்டதாக மேலாளர் பிறகு சொன்னார். செல்டிக் தரப்பின் அந்த மூத்த போர்ட்டரிடம் காரணம் கேட்டேன். அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று எங்களுக்குத் தெரியும், அதனால் எங்கே பார்க்க வேண்டும் என்றும் தெரியும், உன் விஷயத்தில்தான் எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது என்றார். புதியவரும் பெரிய ஆட்ட நாளன்று தம் பெயரைக் காலை ஷிப்டில் போட்டுக்கொள்வதில்லையாம். அதை எல்லாரும் அறிவார்கள். அவர் முகத்துக்கு நேராகவே திட்டிவிட்டு, பிறகு தங்களுக்குள் ஷிப்டுகளை மாற்றிக்கொள்கிறார்கள்.