எட்டு மணிக்கு வீட்டில் ஆர்?

ஊருக்கு வந்தால் என்னைக் காண்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த நடிகரோட படம் எடுத்தனீங்கள்?" என்றுதான். கொழும்பில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் இரவு நேரப் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் தயாரிப்பாளராகவே என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி போனது. நடிகர்களையும் கண்டிருக்கிறேன்தான். ஆனால் அந்த வேலையில் நான் அதிகம் பார்த்தது மணிக்கூட்டை. அரைமணி நேர நிகழ்ச்சி என்று அறிவிப்போம். விளம்பரம் போக மிஞ்சுவது 22, 23 நிமிடம். தொடக்கக் காட்சி, அனுசரணையாளரின் பெயர், போன வாரச் சுருக்கம், நடுவர்களின் பேச்சு எல்லாம் கழிந்தபின் பாட வந்த பிள்ளைக்கு இரண்டரை நிமிடம் கிடைத்தால் அது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம். "ஏன் பிள்ளை, ரெண்டாவது சரணத்தை வெட்டினீங்கள்?" என்று தாய்மார் தொலைபேசி எடுத்துக் கேட்பார்கள். அனுசரணையாளர் ஒருநாளும் அப்படி எடுத்ததில்லை, அவருடைய பங்கை நாங்கள் வெட்டுவதில்லையே.

இரவு ஏழிலிருந்து பத்து வரை பிரைம் டைம். விளம்பர நிறுவனங்கள் வைத்த கணக்கு அது. வேலை முடிந்து, சாப்பிட்டு, குடும்பம் மொத்தமாக ரீவிக்கு முன்னால் இருக்கும் நேரம் என்பது அதன் பொருள். கொழும்பில் ஒரு மாடிவீட்டுக்கு அது சரியாக இருக்கலாம். நான் பிறந்து வளர்ந்த திருகோணமலைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. விடியப் புறம் கடலுக்குப் போகிறவர் எட்டு மணிக்குப் பாயில் கிடப்பார். கிண்ணியாவில் இஷாத் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு வந்து சேர நேரமாகும். நோன்பு மாதத்தில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகையும் முடிந்த பிறகுதான் வீட்டில் ஆள் நடமாட்டமே. நவராத்திரி என்றால் ஒன்பது இரவும் பெண்கள் கோயிலில். சாதாரணதரப் பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் ரியூசனில், அவர்களைக் கூட்டிவரப் போன தகப்பன் சைக்கிளோடு வாசலில். நாங்கள் பாட்டுப் போட்டி போட்டால் எட்டு மணிக்கு வீட்டில் இருந்து பார்ப்பவர் ஆர்? பெரும்பாலும் வயதான அம்மம்மாக்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் ரேட்டிங் தாளைப் பார்த்து, "இளையவர்களுக்காகச் செய்யுங்கள்" என்பார்கள். அந்தத் தாளில் என் ஊரைத் தனியாக ஒருநாளும் நான் கண்டதில்லை.

எங்களுக்குப் போட்டி பக்கத்துச் சனல் அல்ல, கூரைமேல் இருந்த டிஷ். ரூபவாஹினி 1982இல் வந்தபோது சிங்கள நிகழ்ச்சிகளுக்கு நடுவில் தமிழுக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கினார்கள். 1998இல் சக்தி, 2009இல் வசந்தம் என்று தமிழுக்கே சனல்கள் வந்த காலத்தில், சென்னையின் மெகா தொடர்களும் எங்கள் வீடுகளுக்குள் குடியேறிவிட்டன. இதில் எனக்கு ஒரு பழைய வயிற்றெரிச்சல் உண்டு. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய பாட்டுக்குப் பாட்டு, பிறகு சென்னைத் தொலைக்காட்சிக்குப் போய் அங்கிருந்து செய்மதி வழியாக எங்களிடமே திரும்பி வந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் மேலதிகாரி ஒருவர், "இப்படி ஒன்று எங்களால் யோசிக்க முடியாதா?" என்று கேட்டார்! அறிவிப்பாளராக வரும் பிள்ளைகளும் கமெரா ஓடத் தொடங்கியதும் சென்னைப் பேச்சுக்கு மாறிவிடுவார்கள். இடைவேளையில் தேத்தண்ணி கேட்கும்போது மட்டும் ஊர்த் தமிழ் திரும்பும்.

வெளிக்களப் பதிவுக்குத் திருகோணமலை என்றால் நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். எழுபதுகளின் பொப் பாடல் காலத்தில் பரமேஸ் - கோணேஸ் சகோதரர்களைத் தந்த ஊர் இது. பாடுகிறவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு குரல் தேர்வை ஆறுதலாக நடத்தலாம் என்றாயிற்று. அதற்கு முன் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதையை, அதாவது அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகை, பிடிக்க வேண்டுமே என்று, பாடும்போதே வாசலைப் பார்ப்பார்கள்.

ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த இயக்குநருக்குக் கடற்கரை மேடைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பு. பின்னணியில் கோணேசர் மலை தெரிய வேண்டுமாம். ஆடி மாதம். கச்சான் காற்று மேற்கிலிருந்து தரைவழியாக அடிக்கும் காலம், சூடும் மணலும் சேர்ந்து வரும். "சேர், இந்தக் காற்றில் ஒலி எடுக்கேலாது" என்றேன். மைக்குக்கு உரோம உறை போட்டார்கள், பிறகு அதற்குமேல் இன்னொன்று. ஹெட்போனில் கேட்டால் பிள்ளை பாடுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. பின்னேரம் அனுசரணையாளரின் பனர் சட்டத்தோடு பிய்ந்து நடுவர் மேசையில் விழுந்த பிறகுதான் பக்கத்துப் பாடசாலை மண்டபத்தைத் திறக்கச் சொன்னார்கள். பாட்டா, பனரா என்று வந்தால் பனருக்காகவே மேடை மாறும். இதைத் தொழிலின் முதல் பாடமாக எழுதி ஒட்டலாம்.

மண்டபத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கூட்டத்தின் கைதட்டலை நாங்கள் முதலே எடுத்து வைப்போம். பாட்டில்லாமல், மேடையில் ஆளில்லாமல், ஃபுளோர் மனேஜர் கையை உயர்த்தினால் எல்லோரும் தட்ட வேண்டும், இன்னொரு சைகைக்குச் சிரிக்க வேண்டும், மற்றொன்றுக்கு வியக்க வேண்டும். எடிட்டிங்கில் தேவையான இடத்தில் அதை ஒட்டுவோம். முன்வரிசையில் இருந்த ஒரு ஆச்சி கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நான் கிட்டப் போய்க் கேட்டேன்.

"ஆச்சி, ஒருக்காத் தட்டுங்கோவன்."

"பாட்டே இல்ல. என்னத்துக்கு மகள் தட்டுறது?"

நியாயமான கேள்வி. பிறகு தம்பலகாமத்துப் பெடியன் ஒருவன் பாடியபோது அதே ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் தட்டினார். தாளம் தப்பித் தப்பி, பாட்டு முடிந்த பிறகும் தட்டினார். அப்போது மூன்று கமெராவும் பெடியனில். அடுத்த பதிவிலிருந்து ஒரு கமெராவைக் கூட்டத்தை விட்டு எடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். ஒரு கமெரா வீண் என்று தயாரிப்புப் பிரிவு முணுமுணுத்தது.

இந்தத் தொழிலில் நான் உண்மையாகச் சண்டை பிடித்தது வேறொன்றுக்காக. பாட்டுக்கு முன்னால் போட்டியாளரைப் பற்றி ஒரு சிறு துண்டு ஓடும், கண்டிருப்பீர்கள். வீடு, அடுப்படி, தாய், மெதுவாக ஒரு வயலின். "கண்ணீர் வேண்டும்" என்று மேலேயிருந்து வாயாலேயே சொல்லுவார்கள். திருகோணமலையில் கண்ணீருக்குத் தேடித் திரியத் தேவையில்லை. 2004 கடல் எடுத்த வீடு, 2006 சண்டையில் மூதூரிலிருந்து நடந்து வந்த குடும்பம், இன்னும் திரும்பி வராத தகப்பன் என்று எந்த ஒழுங்கைக்குள் கமெராவைக் கொண்டுபோனாலும் கிடைக்கும். மூதூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்றின் வீட்டில் எங்கள் குழுப் பெடியன் ஒருவன், "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றான். பிள்ளை சுவரில் இருந்த படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது.

"அத விடுங்க அக்கா. நான் பாட வந்தனான்."

விட்டோம். மாமரத்துக்குக் கீழே அது சுருதிப் பெட்டியோடு பயிற்சி எடுப்பதையும், தம்பி பக்கத்தில் நின்று குழப்புவதையும், அது அவனுக்குக் குட்டுவதையும் எடுத்தோம். கொழும்பில் துண்டைப் பார்த்தவர்களுக்கு முகம் சுருங்கியது. இதில் என்ன இருக்கிறது, அந்தத் தகப்பன் விசயம் எங்கே என்றார்கள். ஒரு பிள்ளையின் தகப்பனைக் காட்டினால் அந்த நேரம் வீட்டில் இருந்து பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்குச் சோறு இறங்காது என்று கேட்டேன். அவர்கள் ரேட்டிங்கைப் பற்றிப் பேசினார்கள். நான் அம்மம்மாக்களைப் பற்றிப் பேசினேன். கடைசியில் ஒளிபரப்புக்கு நேரம் நெருங்கி, வேறு துண்டு இல்லாததால் மாமரம்தான் போனது. அதற்குப் பிறகு இப்படியான துண்டுகளுக்கு என்னை அனுப்புவது குறைந்தது. பதவி உயர்வும் பிந்தியது. அது கைப்பான விசயம், இங்கே வேண்டாம்.

2022இல் மின்வெட்டு வந்து எங்கள் முழுக் கணக்கையும் புரட்டிப் போட்டது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லை. எட்டு மணி நிகழ்ச்சியை ஜெனரேற்றரில் ஒளிபரப்பிக் கொண்டிருந்தோம், பார்ப்பதற்கு எந்த வீட்டில் வெளிச்சம்? பகலில் கரண்ட் வரும்போது ஃபோனைச் சார்ஜ் பண்ணி வைத்து, இரவில் துண்டு துண்டாக யூடியூப்பில் பார்க்கப் பழகினார்கள் சனம். மின்சாரம் திரும்பியது, அவர்களில் எல்லோரும் ரீவிக்குத் திரும்பவில்லை. தொலைக்காட்சிக்காரர் பலர் இதை ஒப்பாரியாகச் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு துக்கமில்லை. வெட்டிய இரண்டாவது சரணத்தை இப்போது முழுதாகப் போடலாமே.

இப்போது ஊரில், உப்புவெளியில், சில பிள்ளைகளுக்கு ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் சொல்லிக் கொடுக்கிறேன். கையில் ஃபோன், ஒரு சின்ன லைட், சட்டையில் குத்தும் மைக், அவ்வளவுதான் ஸ்டூடியோ. போன கிழமை ஒரு பாட்டு எடுத்து முடித்ததும், பழைய பழக்கத்தில், "எட்டு மணிக்குப் போடுங்கோ" என்றேன். கெக்கட்டமிட்டுச் சிரித்தார்கள்.

"அக்கா, எட்டுக்குப் போட்டா ஆர் பாக்கிறது? பதினொண்டுக்குப் போடுவம். அப்பதான் அம்மாமார் நித்திரை."